சூரியன் மறையாத இடத்திலிருந்து: விண்வெளித் தொலைநோக்கிகளும் விண்மீன் அதிர்வியலும்

ஆய்வுச் சுருக்கம்

விண்வெளித் தொலைநோக்கியின் பயனாகப் பொதுவாகக் கூறப்படுவது படிமத்தின் தெளிவு. காற்று மண்டலத்தின் கலக்கம் இல்லாமையால் அத்தெளிவு கிடைக்கிறது. சூரியனின் உள்ளமைப்பையும் பிற விண்மீன்களின் உள்ளமைப்பையும் ஆராய்வோர்க்கு அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. இரவால் துண்டிக்கப்படாத நோக்கீட்டுத் தொடரே அது. சிறுசேரியை நோக்கிடமாகக் கொண்டு, இரவு எத்தகைய பிழையை விளைவிக்கிறது என்பதை எண்களால் காட்டி, அப்பிழை நீங்கியபின் சோஹோ, கெப்ளர் முதலிய விண்கலங்களால் அறியப்பட்டவற்றையும், ஆதித்யா-எல்1 கலத்தின் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூரிய அதிர்வியல், விண்மீன் அதிர்வியல், நாள் இடைவெளி, போலி உச்சம், கெப்ளர், ஆதித்யா-எல்1, கோடைக்கானல்

முன்னுரை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது சிறுசேரி. தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் இன்று பெரிதும் அறியப்படும் இவ்வூரில், சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம் 2005 முதல் இயங்கி வருகிறது. கடல்மட்டத்தை ஒட்டியதும், ஈரக்காற்று மிகுந்ததும், இரவெல்லாம் விளக்கொளி நிறைந்ததுமான ஓர் ஊரை வானியல் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். இங்கு ஆராயப்படும் சிக்கலுக்கு உயரமோ காற்றின் தூய்மையோ தீர்வாகாது. இமயத்தின் உச்சியிலும் சூரியன் மறையத்தான் செய்யும். ஆகவே எந்த ஊரும் எடுத்துக்காட்டாகப் பொருந்தும். கணிதம் பயிலப்படும் ஊர் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்.

சிறுசேரியின் அகலாங்கு வடக்கு 12.8 பாகை அளவு. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்குத் தலைக்கு நேர்மேலே வருகிறது. பகலின் நீளம் டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூனில் 12 மணி 50 நிமிடம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பகலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அடிவானத்தை ஒட்டிய நேரத்தைக் கழித்தால், சூரியனை அளப்பதற்கு உகந்த நேரம் நல்ல நாளிலும் எட்டு மணி அளவே தேறும்.

அதிரும் சூரியன்

சூரியனின் புறப்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து தாழ்கிறது என்பதை ராபர்ட் லெய்டன் குழுவினர் 1960-களின் தொடக்கத்தில் கண்டனர். நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் பெயர்ச்சியால் அறியப்பட்ட இவ்வசைவு, மேற்பரப்பில் மட்டும் நிகழ்வதென்றே முதலில் கருதப்பட்டது. 1970-இல் உல்ரிக்கும், அடுத்த ஆண்டில் லெய்பாக்கரும் ஸ்டைனும் வேறொரு விளக்கம் தந்தனர். சூரியனின் உள்ளே ஒலியலைகள் அடைபட்டு நிலையலைகளாக நிற்கின்றன. நாம் காண்பது அவற்றின் மேற்பரப்புத் தடயமே என்பது அவ்விளக்கம். 1975-இல் டொய்ப்னரின் அளவீடுகள் இதனை உறுதிப்படுத்தின.

ஒலியலை என்றதும் செவிக்கு எட்டும் ஒலியை நினைத்தல் கூடாது. இவற்றின் அதிர்வெண் 3000 மைக்ரோ ஹெர்ட்ஸை ஒட்டியது. ஓர் அலைவுக்கு ஐந்து நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். இத்தகைய அதிர்வுமுறைகள் இலட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. தனியொரு முறையின் மிகுதியான வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் அளவே. அதனால் சூரியனின் ஒளியில் ஏற்படும் மாற்றம் பத்து இலட்சத்தில் சில பங்கு மட்டுமே.

வீணைத் தந்தியின் சுருதியைக் கொண்டு அதன் நீளத்தையும் இழுவிசையையும் கணிப்பதுபோல, இவ்வதிர்வெண்களைக் கொண்டு சூரியனின் உள்ளே ஒலியின் வேகம் ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு என்று கணிக்கலாம். சூரியனை ஒரே புள்ளியாகக் கொண்டு அளந்தால், அதிர்வெண்கள் சீப்பின் பற்கள்போல் ஏறத்தாழச் சம தொலைவில் அமைவதைக் காணலாம். அடுத்தடுத்த பற்களுக்கிடையிலான தொலைவைப் பெருவிலகல் என்போம். சூரியனுக்கு இது 135 மைக்ரோ ஹெர்ட்ஸ். சூரியனின் மையத்திலிருந்து புறப்பரப்பை அடைய ஒலிக்கு ஆகும் நேரத்தை இது நேரடியாகத் தருகிறது. அந்நேரம் ஏறத்தாழ ஒரு மணி.

கூர்ந்து நோக்கினால், பற்களுள் ஒன்று தனித்து நிற்காமல் இணையாக நிற்பது தெரியும். இணையின் ஒரு கூறு, கோளம் முழுதும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வு. மற்றொன்று, துருவங்கள் அமுங்கும்போது நடுவரைப் பகுதி புடைக்கும் அதிர்வு. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவு சிறுவிலகல் எனப்படும். சூரியனுக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 9 மைக்ரோ ஹெர்ட்ஸ். இச்சிறிய எண்ணே இக்கட்டுரையின் அச்சு. ஹைட்ரஜன் எரிந்து மையத்தில் ஹீலியம் சேரச் சேர அங்கு ஒலியின் வேகம் குறைகிறது. அதற்கேற்பச் சிறுவிலகலும் குறைகிறது. எனவே சிறுவிலகல் விண்மீனின் வயதைக் காட்டும் அளவாகிறது.

இரவு விளைவிக்கும் போலி உச்சம்

சுழலும் மேசை மின்விசிறியின் முன் நின்று ஒரே சுருதியில் குரல் எழுப்பிப் பார்த்தவர்க்கு இப்பகுதி எளிதில் விளங்கும். இறக்கைகள் குரலை வெட்ட வெட்ட, மூலச் சுருதியோடு வேறு சுருதிகளும் சேர்ந்து கேட்கும். அப்புதிய சுருதிகள் தொண்டையில் பிறந்தவை அல்ல, வெட்டிலிருந்து பிறந்தவை.

சூரியனை ஒரே ஊரிலிருந்து பல நாள் அளப்பதும் இத்தகையதே. ஒரு நாளுக்கு ஒருமுறை இரவு வந்து தொடரை வெட்டுகிறது. 86,400 நொடிக்கு ஒரு வெட்டு என்பது 11.57 மைக்ரோ ஹெர்ட்ஸ். ஆகவே ஃபூரியே மாற்றத்தில் உண்மையான ஒவ்வோர் அதிர்வெண்ணின் இருபுறமும் 11.57 மைக்ரோ ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு போலி உச்சம் எழும். அதன் வலிமையைத் தாளில் கணக்கிடலாம். நாளில் சரிபாதி நேரம் நோக்கினால், போலி உச்சத்தின் திறன் உண்மை உச்சத்தின் திறனில் 40 விழுக்காடு. சிறுசேரியின் எட்டு மணி நேர நல்ல வெயிலைக் கொண்டால் அது 68 விழுக்காடாக உயர்கிறது. அதற்கு அப்பால் 23 மைக்ரோ ஹெர்ட்ஸ் தள்ளி 17 விழுக்காட்டளவில் இன்னொன்றும் தோன்றுகிறது. இங்குச் சதுர வடிவ வெட்டு கொள்ளப்பட்டுள்ளது. மேகமும் மழையும் கலந்த உண்மைத் தொடரில் நிலைமை இதைவிட மோசமாகும்.

இப்போது 9 என்னும் எண்ணை 11.57 என்னும் எண்ணின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இணையின் மேற்கூறு விளைவிக்கும் போலி உச்சம், கீழ்க்கூற்றிலிருந்து 2.6 மைக்ரோ ஹெர்ட்ஸ் தொலைவில் வந்து விழுகிறது. கீழ்க்கூற்றின் போலி உச்சமும் அதேபோல் மேற்கூற்றின் அருகில் விழுகிறது. உச்சங்கள் கூரிய கோடுகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக்ரோ ஹெர்ட்ஸ் அளவு அகலம் உண்டு. சூரியனின் தற்சுழற்சியால் அவை மேலும் பிளவுபடுகின்றன. எனவே உண்மையும் போலியும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கலந்துவிடுகின்றன. விண்மீனின் வயதைச் சொல்லவேண்டிய அளவைத் துல்லியமாகக் கலைப்பதற்கென்றே புவியின் நாள் நீளம் அமைந்ததுபோல் இருக்கிறது.

இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று. இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் முதலாண்டில், தரைத் தொலைநோக்கியால் பெறப்பட்ட ஒரு மாறொளிர் விண்மீனின் தரவில் நாள் இடைவெளியால் எழுந்த உச்சத்தை உண்மை அதிர்வு என நம்பி மூன்று வாரம் உழைத்ததுண்டு. ஒரு நாளுக்கு ஒன்று என்னும் எண்ணை அருகில் எழுதிப் பார்த்திருந்தால் அம்மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

இரவைத் தவிர்க்கும் வழிகள்

முதல் வழி, இரவு இல்லாத இடத்தைப் புவியிலேயே தேடுவது. கிரெக், ஃபோசா, பொமரான்ட்ஸ் ஆகிய மூவரும் 1979-80 கோடையில் தென்துருவத்திற்குச் சென்று ஏறத்தாழ ஐந்து நாள் இடைவிடாமல் சூரியனை அளந்தனர். ஐந்து நாள்தான், ஆயினும் சீப்பின் பற்கள் போலி உச்சங்கள் இன்றித் தெரிந்தன. இரண்டாம் வழி, புவியைச் சுற்றிலும் கருவிகளை நிறுத்தி, ஓரிடத்தில் சூரியன் மறையும்போது மற்றோரிடத்தில் தொடர்வது. 1995-இல் முழுமை பெற்ற காங் வலையமைப்பின் ஆறு நிலையங்களுள் ஒன்று இராசத்தானின் உதயப்பூரில் ஏரி நடுவே அமைந்த ஆய்வகம்.

மூன்றாவது வழி, புவியை விட்டு நீங்குவது. புவிக்கும் சூரியனுக்கும் இடையில், புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள முதலாம் லாக்ராஞ்சுப் புள்ளியை ஒட்டி ஒரு கலத்தை நிறுத்தினால், அது புவியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றும். அதன் பார்வையில் சூரியன் மறைவதே இல்லை. சரியாக அப்புள்ளியிலேயே நிறுத்தினால், புவியின் வானலை வாங்கிகளுக்குக் கலத்தின் பின்னணியாகச் சூரியனே அமைந்து அதன் வானலை இரைச்சல் செய்தியை மூழ்கடிக்கும். ஆகவே புள்ளியைச் சுற்றிய ஒளிவட்டப் பாதை தேர்ந்தெடுக்கப்படுகிறது. 1995 டிசம்பர் 2-இல் ஏவப்பட்ட சோஹோ இவ்வாறே இயங்கியது.

விண்வெளியிலும் இடைவெளி வராமலில்லை. 1998 ஜூனில் சோஹோவுடனான தொடர்பு அறுந்து மாதக்கணக்கில் தரவு நின்றது. ஆனால் எப்போதோ ஒருமுறை நேரும் நீண்ட இடைவெளி வேறு. நாள்தோறும் ஒரே நேரத்தில் திரும்பி வரும் இடைவெளி வேறு. போலி உச்சத்தை எழுப்புவது இடைவெளியின் நீளத்தைக் காட்டிலும் அதன் ஒழுங்கே.

அகத்தே தெரிந்தவை

சூரியனின் உட்பகுதியில் வெப்பம் கதிர்வீச்சாகப் பரவுகிறது. வெளிப்பகுதியில் கொதிக்கும் உலைநீர்போல வளிமம் மேலெழுந்து தாழ்ந்து வெப்பத்தைக் கடத்துகிறது. இவ்விரு மண்டலங்களின் எல்லை சூரிய ஆரத்தின் 0.713 பங்கில் அமைகிறது என அதிர்வியல் காட்டியது. இவ்வளவை நுண்மையாக நிறுவியவர்களுள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எச். எம். ஆன்டியாவும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்று இன்று யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சர்பானி பாசுவும் குறிப்பிடத்தக்கோர்.

ஹீலியத்தின் கதையும் இங்கு வந்து சேர்கிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் ஷான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரியச் சுடர்களின் நிறமாலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டில் பலராலும் குறிக்கப்பட்ட மஞ்சள் கோடு ஒன்றே ஹீலியம் என்னும் தனிமத்தின் அறிமுகம். ஆயினும் சூரியனின் புறப்பரப்பு ஹீலியத்தின் கோடுகளை எழுப்பும் அளவிற்கு வெப்பமானதன்று. ஆகவே அதன் அளவை நிறமாலையால் நேரே காண இயலவில்லை. சூரியனின் புறமண்டலத்தில் ஹீலியம் நிறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு என்னும் விடை, நூற்றாண்டுக்கு மேல் கழிந்து ஒலியலைகளின் வழியே கிடைத்தது.

இன்னொரு வழக்கிலும் அதிர்வியல் சான்று கூறியது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் கணிக்கப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தன. பிழை சூரிய மாதிரியிலா, நியூட்ரினோ பற்றிய கொள்கையிலா என்பது நெடுநாள் வினா. ஒலிவேகம் மாதிரியோடு நன்கு பொருந்தியதால் ஐயம் நியூட்ரினோவின் பக்கம் திரும்பியது. கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதைக் காட்டியபோது வழக்கு முடிந்தது.

முடியாத வழக்கும் உண்டு. 2000-களில் ஆஸ்ப்லுண்ட் குழுவினர் சூரியப் பரப்பிலுள்ள ஆக்சிசன், கார்பன் முதலிய தனிமங்களின் அளவைக் குறைத்துத் திருத்தினர். அத்திருத்தத்தை மாதிரியில் இட்டால் மேற்கூறிய எல்லை 0.713-இலிருந்து 0.72-க்கு மேல் நகர்ந்துவிடுகிறது; ஹீலியத்தின் அளவும் குறைகிறது. நிறமாலையைக் குறை கூறுவோரும், உட்பகுதியில் ஒளியை மறிக்கும் திறன் பற்றிய கணக்கைக் குறை கூறுவோரும் இருக்கின்றனர். அதிர்வெண்களைக் குறை கூறுவோர் மிகச் சிலரே. இடைவிடாத் தொடர் ஈட்டித் தந்த மதிப்பு அது.

புள்ளியாகத் தெரியும் சூரியன்கள்

பிற விண்மீன்களை நோக்க இரவு தேவை. இங்குத் தொடரை வெட்டுவது பகல். வெட்டு எதுவாயினும் கணக்கு ஒன்றே. 2006 டிசம்பரில் ஏவப்பட்ட கோரோ கலம் தொடங்கிய பணியை, 2009 மார்ச் 7-இல் ஏவப்பட்ட கெப்ளர் விரிவாக்கியது. சிக்னஸ், லைரா விண்மீன் குழுக்களை ஒட்டிய ஒரே வான்பகுதியை நான்காண்டுகள் இமைக்காமல் நோக்கி, ஒன்றரை இலட்சம் விண்மீன்களின் ஒளியை அது அளந்தது. கோள்களைத் தேடவே அது அனுப்பப்பட்டது. விண்மீன் அதிர்வியலுக்கு வாய்த்தது விருந்தினர் பந்தியில் கிடைத்த இலை எனலாம்.

அவ்விலையில் எல்லாம் பரிமாறப்படவில்லை. பெரும்பாலான விண்மீன்களுக்கு 29.4 நிமிடத்திற்கு ஒரு பதிவே சேமிக்கப்பட்டது. ஐந்து நிமிட அதிர்வை அது பிடிக்காது. ஒரு நேரத்தில் 512 விண்மீன்களுக்கு மட்டுமே ஏறத்தாழ ஒரு நிமிடப் பதிவு ஒதுக்கப்பட்டது. சூரியனை ஒத்தவற்றின் அதிர்வுகள் இவ்வொதுக்கீட்டிலிருந்தே வந்தன. செம்பெரு விண்மீன்கள் மணிக்கணக்கில் மெல்ல அதிர்வதால் அவற்றுக்கு அரைமணிப் பதிவே போதுமானதாயிற்று.

அளவீட்டின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் சோதிக்கலாம். 16 சிக்னி ஏ என்னும் விண்மீனின் பெருவிலகல் 103.4 மைக்ரோ ஹெர்ட்ஸ். அதிர்வு மிக வலிமையாக இருக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 2200. சூரியனுக்கு இவை 135, 3090. பெருவிலகல் விண்மீனின் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வலிமை மிக்க அதிர்வெண் புறப்பரப்பின் ஈர்ப்பையும் வெப்பநிலையையும் பொறுத்தது. இரண்டையும் தீர்த்தால் அவ்விண்மீனின் ஆரம் சூரியனைப்போல் 1.22 மடங்கு, நிறை ஏறத்தாழ 1.07 மடங்கு எனக் கிடைக்கிறது. ஒளிக் குறுக்கீட்டு முறையில் அதன் கோண விட்டத்தைத் தனியே அளந்தவர்களும் 1.22 என்னும் ஆரத்தையே பெற்றனர். சிறுவிலகலையும் பிற அதிர்வெண்களையும் சேர்த்துக் கணித்ததில் அதன் வயது 700 கோடி ஆண்டுகளை ஒட்டியதெனத் தெரிந்தது. சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள்.

செம்பெரு விண்மீன்களில் கிடைத்த முடிவு இதனினும் வியப்பானது. மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் ஒரு விண்மீனும், மையத்தைச் சூழ்ந்த ஓட்டில் ஹைட்ரஜனை மட்டும் எரிக்கும் ஒரு விண்மீனும் புறத்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கக்கூடும். மையத்தின் அசைவும் புறமண்டலத்தின் ஒலியும் கலந்த அதிர்வுகளின் அலைவுநேர இடைவெளி முன்னதில் 100 முதல் 300 நொடி, பின்னதில் 50 நொடி அளவு எனப் பெடிங் குழுவினர் 2011-இல் காட்டினர். அரிசியைத் தொட்டுப் பாராமலே உலை கொதியைக் கேட்டுச் சோற்றின் பதம் சொல்லும் கைத்திறனுக்கு இதனை ஒப்பிடலாம்.

2018-இல் ஏவப்பட்ட டெஸ் வானின் பெரும்பகுதியை நோக்குகிறது. ஆனால் ஒரு பகுதியில் 27 நாளே தங்குகிறது. 27 நாள் தொடர் பிரித்தறியும் நுண்மை 0.43 மைக்ரோ ஹெர்ட்ஸ். கெப்ளரின் நான்காண்டுத் தொடர் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் நுண்ணியது. வானின் பரப்பு கூடியது, காலம் குறைந்தது. இப்பேரத்தில் வயதுக் கணிப்பே இழப்பிற்குள்ளாகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆதித்யாவும் கோடைக்கானலும்

2023 செப்டம்பர் 2-இல் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6-இல் தன் ஒளிவட்டப் பாதையில் நுழைந்தது. திட்ட இயக்குநர் தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. ஒளிவட்டப் பாதையை ஒருமுறை சுற்ற 178 நாள் ஆகிறது. முதல் சுற்று 2024 ஜூலை 2-இல் நிறைவுற்றது.

அதன் ஏழு கருவிகளுள் இரண்டை மட்டும் இங்குக் குறிக்கலாம். புனேயின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையம் வடிவமைத்த புறஊதாத் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை சூரிய வட்டம் முழுவதையும் படமெடுக்கிறது. இதில் 300-க்குக் குறைந்த பகுதியை ஓசோன் படலம் மறைப்பதால் எந்த மலையுச்சியிலிருந்தும் அதனைக் காண இயலாது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் மகுடவரைவி சூரிய வட்டத்தை மறைத்து, 1.05 சூரிய ஆரத்திலிருந்தே மகுடத்தைக் காண்கிறது. புவியில் முழுக் கிரகணத்தின்போது சில நிமிடம் மட்டும் கிடைத்த காட்சி அங்கு இடைவிடாது கிடைக்கிறது. சூரியப் பரப்பின் வேகத்தை முழுவட்டமாக அளந்து அதிர்வியலுக்கு உதவும் கருவி இவ்வேழனுள் இல்லை. அப்பணிக்கு இந்திய ஆய்வாளர்கள் காங் வலையமைப்பையும், 2010 முதல் இயங்கும் அமெரிக்கச் சூரிய இயக்க ஆய்வுக்கலத்தையும் சார்ந்திருக்கும் நிலை தொடர்கிறது. இதனைக் குறையாகச் சுட்டுதல் தகும்.

மகுடவரைவியை அமைத்த அதே நிறுவனத்தின் பொறுப்பில்தான் கோடைக்கானல் சூரிய ஆய்வகமும் உள்ளது. 2,343 மீட்டர் உயரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் பதிவு செய்துவரும் அவ்வாய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் புறநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டார். அங்கும் இரவு உண்டு; மழை மாதங்களில் பல நாள் தகடுகளே இல்லை. எனினும் அங்கு ஆராயப்படும் காலவட்டம் பதினொரு ஆண்டு. பதினொரு ஆண்டுச் சுழற்சிக்கு ஓர் இரவு இடையூறு ஆவதில்லை, 11.57 மைக்ரோ ஹெர்ட்ஸில் எழும் போலி உச்சம் அச்சுழற்சியின் அதிர்வெண்ணிலிருந்து ஆயிரக்கணக்கான மடங்கு விலகி நிற்கிறது. ஐந்து நிமிட அதிர்வுக்கு விண்கலம் எவ்வளவு இன்றியமையாததோ, நூறாண்டுப் போக்கிற்கு அக்கண்ணாடித் தகடுகள் அவ்வளவு இன்றியமையாதவை. விண்கலங்கள் வந்தமையால் தரையாய்வகங்கள் காலாவதியாயின என்னும் பேச்சு இவ்வேறுபாட்டை அறியாமையால் எழுவது.

கெப்ளர், டெஸ் தரவுகள் எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆதித்யாவின் அறிவியல் தரவுகளை இஸ்ரோ 2025 ஜனவரியில் வெளியிடத் தொடங்கியது. 16 சிக்னி ஏ விண்மீனின் ஒரு நிமிடத் தொடரை இறக்கி ஃபூரியே மாற்றம் செய்து 103.4 என்னும் எண்ணைத் தாமே காண, சிறுசேரியின் மாணவர் ஒருவருக்கு மடிக்கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அத்தொடரிலேயே நாள்தோறும் பதினாறு மணி நேரத்தை நீக்கிவிட்டு மீண்டும் கணித்தால், மேலே கூறிய போலி உச்சங்கள் எழுவதையும் அவர் காண்பார்.

சூரியனின் 25-ஆம் சுழற்சி பெருமநிலையை எட்டியதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆதித்யாவின் வடிவமைப்பு ஆயுள் ஐந்தாண்டு. ஆகவே அது காணப்போவது பெரும்பாலும் இச்சுழற்சியின் இறங்குமுகம். ஏறுமுகத்தின் பதிவு கோடைக்கானலில் இருக்கிறது.